கேள்விக்குத் தலைப்பு வைப்பது எப்படி? ‘சிஃபு, ஒரு டவுட்டு’ என்று எழுதுபவர்களுக்கு

‘சிஃபு யாராவது இருக்கீங்களா?’

‘அண்ணே, அக்கா, ஒரு டவுட்டு.’

‘அவசரம்!! தெரிஞ்சவங்க உடனே சொல்லுங்க.’

‘எக்செல் ப்ராப்ளம்.’

இணையத்தில் நம் மலேசிய ஆட்கள் கேள்வி கேட்கும் இடம் எதைத் திறந்தாலும் இந்த மாதிரித் தலைப்புகள் வரிசையாக நிற்கும். (சிஃபு என்றால் விஷயத்தில் கைதேர்ந்தவர்.) உள்ளே போய்ப் பார்த்தால் கேட்டவர் ஒழுங்காகத்தான் எழுதியிருப்பார். என்ன செய்தார், எங்கே மாட்டிக்கொண்டார் என்று நாலு பத்தி, ஸ்கிரீன்ஷாட் வேறு. உள்ளே போனால்தானே அதெல்லாம் தெரியும்? பதில் சொல்லக்கூடியவர் கண்ணில் முதலில் படுவது தலைப்பு மட்டும்தான். அவர் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ரயிலுக்கு நின்றுகொண்டு ஹேண்ட்ஃபோனில் விரலைத் தள்ளிக்கொண்டிருப்பார். சம்பளம் வாங்கிக்கொண்டு பதில் சொல்பவர் இல்லை. தனக்குத் தெரிந்த விஷயம் கண்ணில் பட்டால் நிற்பார், இல்லாவிட்டால் அடுத்ததற்குப் போய்விடுவார்.

மாமாக் கடையில் உட்கார்ந்துகொண்டு ‘அண்ணே, அண்ணே’ என்று மட்டும் கூப்பிட்டுப் பாருங்கள். ‘வர்றேன்’ என்று குரல் வரும், ஆள் வரமாட்டார். ‘தே தாரே குராங் மானிஸ் ஒண்ணு’ (இனிப்புக் குறைத்து ஒரு டீ) என்று சொன்னால் தண்ணி கலக்குபவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குவளையை எடுத்துவிடுவார். நல்ல தலைப்பு செய்யும் வேலை இதுதான்: யார் கையில் போய்ச் சேர வேண்டுமோ அவர் கையில் நேராகப் போய்ச் சேர்கிறது.

தலைப்புக்கு இன்னொரு வாசகரும் உண்டு, அவரைப் பலரும் மறந்துவிடுகிறோம். அடுத்த வருடமோ அதற்கு அடுத்த வருடமோ இதே சிக்கலில் மாட்டிக்கொண்டு கூகளில் தேடப்போகிற முகம் தெரியாத ஆள். அவருக்கு நீங்கள் யாரென்று தெரியாது, உங்கள் அவசரமும் தெரியாது. தன் கண்முன்னால் நடப்பதை அவர் சில சொற்களில் தட்டுவார். அந்தச் சொற்கள் உங்கள் தலைப்பில் இருந்தால் அவருக்கு உங்கள் கேள்வியும் அதன் பதிலும் கிடைக்கும். ‘எக்செல் ப்ராப்ளம்’ என்று யாரும் தேடுவதில்லை, தேடினாலும் உங்கள் பக்கம் மேலே வராது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு கடைசி வரை போவோம்.

பினாங்கில் தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் வேலைக்கு ஒருவர் தொண்டர் பட்டியல் தயாரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், டி-ஷர்ட் அளவு, அவ்வளவுதான். நம் ஐசி எண் 12 இலக்கம். முதல் ஆறும் பிறந்த வருடம், மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடம்: பினாங்கு என்றால் 07, கோலாலம்பூர் என்றால் 14. கடைசி இலக்கம் ஆண்களுக்கு ஒற்றைப்படை, பெண்களுக்கு இரட்டைப்படை. அவர் நடுவில் கோடு போடாமல் எண்ணை மட்டும் எக்செல்லில் தட்டுகிறார். 1995-இல் பிறந்த ஒருவரின் எண் ‘9.50312E+11’ என்று என்னமோ மாதிரி மாறிவிடுகிறது. 2005-இல் பிறந்த தம்பியின் எண்ணில் முதலில் இருக்க வேண்டிய 0 காணவில்லை. மனிதர் கடுப்பாகிக் கேள்வி கேட்க வருகிறார்.

முதலில் கைக்கு வருவது ‘எக்செல் உதவி தேவை’. எக்செல்லில் ஆயிரம் விஷயம் இருக்கிறது, எதில் உதவி? அடுத்து ‘எக்செல்லில் நம்பர் தப்பாக வருகிறது’ என்று மாற்றுகிறார். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ‘தப்பாக’ என்ற சொல் ஒன்றும் சொல்லவில்லை. கூட்டல் தப்பா? தசமப் புள்ளி தப்பா? பார்ப்பவர் ஊகிக்க வேண்டியிருக்கிறது. எப்படித் தப்பு என்பதைச் சொன்னால் தலைப்பு தானாக வந்துவிடும்: ‘எக்செல்லில் ஐசி எண் தட்டினால் முதலில் உள்ள 0 மறைந்துவிடுகிறது’. இதைப் பார்த்தவுடன் எக்செல் தெரிந்த யாருக்கும் பதில் நாக்கு நுனிக்கு வந்துவிடும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொள்கிறது, எண்ணுக்கு முன்னால் 0 இருந்தால் மதிப்பு ஒன்றும் மாறாது என்பதால் விட்டுவிடுகிறது. தட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் வகைக்கு மாற்றினால் போதும். (12 இலக்கமும் கோடும் சேர்த்துத் தட்டியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது. கோடு இருந்தால் எக்செல் அதை எண்ணாகப் பார்ப்பதில்லை.)

அந்தத் தலைப்பில் மூன்று விஷயம் இருக்கிறது. எந்தப் பொருள்: எக்செல். என்ன நடக்கிறது: 0 மறைகிறது. எப்போது நடக்கிறது: ஐசி எண் தட்டும்போது. எரிக் ரேமண்ட் என்ற நிரலர் 2001-இல் எழுதிய கேள்வி கேட்கும் வழிகாட்டியில் ஏறக்குறைய இதையே சொல்கிறார். முதலில் பொருளைச் சொல், பிறகு அது இருக்க வேண்டியபடி இல்லாமல் எப்படி விலகுகிறது என்று சொல் என்பார். திறமூல மென்பொருள் ஆட்களிடையே பரவலாகப் படிக்கப்பட்ட எழுத்து அது. தொனி கொஞ்சம் கடுகடுவென்று இருக்கும், ஆனால் இந்த ஓர் யோசனைக்காகவே படிக்கலாம்.

யார் படிக்கப்போகிறார்கள்?

இப்போது அதே தலைப்பை உலகம் முழுவதும் உள்ள எக்செல்காரர்கள் கூடும் இடத்தில் போடுகிறார் என்றால்? பிரேசில்காரருக்கும் போலந்துக்காரருக்கும் நம் ஐசி எண்ணைப் பற்றி என்ன தெரியும்? ஐசி என்றால் மின்சுற்றுச் சில்லு என்றுகூட நினைப்பார்கள். அங்கே ‘0-இல் தொடங்கும் 12 இலக்க எண்ணைத் தட்டினால் 0 மறைகிறது’ என்று எழுதுவதுதான் சரி. சிக்கல் ஐசியில் இல்லை, 0-இல் தொடங்கும் எந்த எண்ணிலும் இதே கதைதான். தபால் குறியீடு வைத்திருப்பவருக்கும் பொருள் எண் வைத்திருப்பவருக்கும் இந்தத் தலைப்பு உதவும்.

அதற்காக எப்போதும் ஊர் அடையாளத்தைத் துடைத்துவிட வேண்டும் என்று இல்லை. மலேசியக் குழு ஒன்றில் கேட்டால் ‘ஐசி எண்’ என்ற சொல்தான் ஆளை நிறுத்தும். பள்ளிக்கூட ஆசிரியர், கோயில் செயலாளர், அலுவலகத்தில் எச்ஆர் பார்ப்பவர் என்று எல்லோரும் இதே பட்டியலைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். பதிலை மாற்றும் ஊர் விவரம் என்றால் கட்டாயம் வேண்டும். வாடகை வீட்டு டெபாசிட், ரோட் டாக்ஸ், வருமான வரி இதையெல்லாம் நாட்டின் பெயர் இல்லாமல் பொது இடத்தில் கேட்டால் யாராவது அமெரிக்கச் சட்டத்தை விளக்கிவிட்டுப் போவார்.

தீர்வைக் கேட்காதீர்கள், சிக்கலைக் கேளுங்கள்

தலைப்பில் நடக்கும் தவறுகளிலேயே எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். கேட்பவர் கெட்டிக்காரராக இருந்தால்தான் இதில் விழுவார்.

நம் தண்ணீர்ப்பந்தல் நண்பர் கொஞ்சம் யோசிக்கிறார். 0 காணாமல் போகிறது, சரி, நாமே ஒரு 0-ஐ முன்னால் ஒட்டிவிடலாம். உடனே தலைப்பு இப்படி மாறுகிறது: ‘எக்செல்லில் எல்லா எண்ணுக்கும் முன்னால் 0 சேர்ப்பது எப்படி?’ தெளிவான தலைப்பு. பொருள் இருக்கிறது, செயல் இருக்கிறது. பத்து நிமிடத்தில் யாரோ சூத்திரமும் கொடுத்துவிடுவார். அதைப் போட்டதும் 1995-இல் பிறந்தவர்களின் எண்ணுக்கு முன்னாலும் ஒரு 0 ஏறி, 13 இலக்கமாகிவிடும். 2000-இல் பிறந்தவர்களின் ஐசி இரண்டு 0-இல் தொடங்கும், ஆகவே அவர்கள் இழந்தது ஒன்றுக்கு மேல். ஒன்றை மட்டும் ஒட்டினால் இன்னும் குறை. பட்டியல் முன்பைவிட மோசமாகிறது. பதில் சொன்னவர் மேல் குற்றமில்லை, கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் கொடுத்தார்.

கணினி ஆட்கள் இதற்கு எக்ஸ்-ஒய் சிக்கல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையான சிக்கல் எக்ஸ். அதைத் தீர்க்க ஒய் உதவும் என்று நாமே முடிவு செய்துகொண்டு ஒய்யைப் பற்றி மட்டும் கேட்கிறோம். எக்ஸ் என்னவென்று யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தலைப்பை எழுதியதும் ‘இது எதற்கு?’ என்று உங்களையே கேளுங்கள். ‘0 சேர்க்க வேண்டும்.’ எதற்கு? ‘எக்செல் 0-ஐத் தின்றுவிட்டது.’ இதோ, தலைப்பாக வேண்டியது இந்த இரண்டாவது வரி. நீங்கள் யோசித்து வைத்த வழியை விட்டுவிட வேண்டியதில்லை. ‘நான் 0-ஐ ஒட்டிப் பார்த்தேன், இப்படி ஆனது’ என்று கேள்வியின் உடலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பார்த்ததை எழுதுவது

கணினியை விட்டு வீட்டு வாசலுக்கு வருவோம். தாமான் வீடுகளில் தொட்டியில் கறிவேப்பிலை வைக்காதவர்கள் குறைவு. அதில் இலை மஞ்சளாவதைப் பற்றிய கேள்விகளும் குறைவில்லை. ‘கறிவேப்பிலைச் செடி சரியாக வளரவில்லை, என்ன செய்யலாம்?’ என்று தலைப்பு வைத்தால் ஐம்பது பேர் ஐம்பது மருந்து சொல்வார்கள். மோர் ஊற்று, அரிசி கழுவிய தண்ணி ஊற்று, இடத்தை மாற்று. எல்லாம் நல்ல மனசோடு சொல்வதுதான்.

இதையே ‘தொட்டிக் கறிவேப்பிலை: புது இலைகள் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை’ என்று எழுதினால் செடி தெரிந்தவர் வேலை பாதி முடிந்துவிடும். கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச்சத்து செடிக்குப் போய்ச் சேரவில்லை. மண்ணில் காரத்தன்மை கூடியிருக்கலாம், தண்ணீர் வடியாமல் வேர் மூச்சுமுட்டிக் கிடக்கலாம். மாறாக, அடியில் உள்ள பழைய இலைகள் முழுசாக மஞ்சளாகி மேலே ஏறிக்கொண்டே வந்தால் தழைச்சத்துப் பற்றாக்குறையை முதலில் சந்தேகிக்கலாம். இரண்டும் ‘இலை மஞ்சள்’தான், ஆனால் வைத்தியம் வேறு. எந்த இலை, மஞ்சள் எங்கே என்பதைச் செடிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தால்தான் எழுத முடியும். நல்ல தலைப்பு எழுத ஆரம்பித்தால் சிக்கலை இன்னொரு முறை உற்றுப் பார்க்க வேண்டியதாகிவிடும். அப்படிப் பார்க்கும்போதே சில நேரம் பதிலும் தெரிந்துவிடும்.

காருக்கும் இதேதான். ‘மைவியில் சத்தம்’ என்றால் எந்த மைவி? 2005-இல் வந்ததா, 2011-இல் மாறியதா, 2017-இல் வந்த மூன்றாவது தலைமுறையா? ‘2013 மைவி 1.3: காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச் சத்தம், ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது’ என்று எழுதினால் வண்டியைப் பார்க்காமலே பெல்ட்டைப் பாருங்கள் என்று சொல்ல ஆள் இருக்கும். அந்தச் சிறு ‘காலையில்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். எப்போது நடக்கிறது, எப்போது நடக்கவில்லை என்பதுதான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மாணவர்களுக்கு ஒன்று. ‘ஆட் மேத்ஸ் ஹோம்வொர்க் ஹெல்ப்’ என்று போடுகிறீர்கள். கணக்குத் தெரிந்தவர்களுக்கு இதைக் கண்டாலே அலர்ஜி, ஏனென்றால் வீட்டுப்பாடத்தை அப்படியே செய்து தரச் சொல்கிறார்கள் என்றுதான் தோன்றும். எந்த இடத்தில் புரியவில்லையோ அதைத் தலைப்பாக்குங்கள்: ‘இருபடிச் சமன்பாட்டின் தன்மைகாட்டி எதிர்ம எண்ணாக வந்தால் வரைபடம் ஏன் எக்ஸ் அச்சைத் தொடுவதில்லை?’ இதற்குப் பதில் எழுதுபவர் ஆசையோடு எழுதுவார். படமும் போட்டுக் காட்டுவார்.

மொழி, எழுத்து, பிழைச் செய்தி

நம் ஊரில் ஒரு கூடுதல் சிக்கல். அரசாங்கப் படிவம் மலாயில், மென்பொருள் ஆங்கிலத்தில், கேள்வி தமிழில். திரையில் பிழைச் செய்தி எந்த மொழியில் வந்ததோ அதை அப்படியே தலைப்பில் வையுங்கள். தமிழில் அழகாகப் பெயர்த்து எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அடுத்து மாட்டிக்கொள்பவர் தன் திரையில் கண்டதைத்தான் நகலெடுத்துத் தேடுவார். செய்தி நீளமாக இருந்தால் மாறாத பகுதியை மட்டும் எடுங்கள். உங்கள் பெயர், கோப்பு இருக்கும் இடம், தேதி போன்றவை உங்களுக்கு மட்டும் உரியவை, அவற்றை வெட்டிவிடலாம். ஐசி எண், போன் எண் எதுவும் தலைப்பில் வேண்டவே வேண்டாம். தேடுபொறி அதையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொண்டு போகும்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் பழக்கம் நம்மில் பலருக்கும் உண்டு. வாட்ஸ்அப்பில் பரவாயில்லை. கேள்வித் தலைப்பில் அது காலை வாரிவிடும், ஏனென்றால் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுத்துக்கூட்டுவோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார். தமிழ் என்றால் தமிழ் எழுத்து, ஆங்கிலம் என்றால் ஆங்கிலம். அவ்வளவுதான்.

எதை எடுத்துவிடலாம்?

வணக்கம், நன்றி, ‘புதுசா சேர்ந்திருக்கேன்’, ‘சின்ன டவுட்டு’, ‘தெரிஞ்சவங்க சொல்லுங்க’: மரியாதை நல்லதுதான், ஆனால் அதற்கு இடம் உள்ளே. ‘அவசரம்’ என்பதும் வேண்டாம். உங்களுக்கு நாளை காலை சமர்ப்பிக்க வேண்டியிருக்கலாம், அடுத்த வருடம் தேடி வருபவருக்கு அது என்ன பயன்? ஆச்சரியக்குறி ஒன்றுக்கு மேல் போனால் விளம்பரம் என்று நினைத்துத் தள்ளிவிடுவார்கள்.

நிரலர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற தளத்தை ஜெஃப் அட்வுட்டும் ஜோயல் ஸ்போல்ஸ்கியும் 2008-இல் தொடங்கினார்கள். ‘ப்ராப்ளம்’ என்ற ஆங்கிலச் சொல் தலைப்பில் இருந்தாலே ஏற்க மறுக்கும் அளவுக்கு அங்கே கெடுபிடி. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. சிக்கல் இல்லாமல் யார் கேள்வி கேட்க வருகிறார்கள்? அந்தச் சொல் பிடித்துக்கொண்ட இடத்தில் சிக்கலின் பெயரையே எழுதிவிடலாம். அங்கே நிரல்மொழியின் பெயரைத் தலைப்பின் முன்னால் ஒட்டவைக்கவும் தேவையில்லை. கேள்விக்குக் கீழே டேக் (எதைப் பற்றிய கேள்வி என்று காட்டும் சொல்) போட்டால், அவற்றில் அதிகம் புழங்குவதைத் தேடுபொறிக்குப் போகும் பக்கத் தலைப்பில் தளமே சேர்த்துவிடும்.

‘முடியுமா?’ என்று முடியும் கேள்விகளை ‘எப்படி?’ என்று மாற்றுங்கள். முடியுமா என்று கேட்டால் ‘முடியும்’ என்று ஒரே சொல்லில் பதில் வரும், மலேசியர்கள் என்றால் ‘போலே’ என்று வரும். ‘எது நல்லது?’ என்று கேட்பதாக இருந்தால் எதற்கு, எவ்வளவு பணத்துக்குள் என்பது தலைப்பிலேயே வந்துவிட வேண்டும். ‘எந்த லேப்டாப் வாங்கலாம்?’ என்பது முடிவில்லாத சண்டை. ‘2,500 ரிங்கிட்டுக்குள், பல்கலைக்கழகக் கட்டட வரைபட வேலைக்கு லேப்டாப்’ என்றால் நாலு பதிலில் விஷயம் முடிந்துவிடும்.

நீளம் எவ்வளவு? ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் குறைந்தது 15, அதிகம் 150 எழுத்து. ரெட்டிட்டில் 300 வரை போகலாம். தமிழில் தட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘தமிழ்’ என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி யூனிகோடில் அதை ஐந்தாக எண்ணுகிறது, மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் கணக்கு. ஆகவே அனுமதித்த இடம் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் தீர்ந்துவிடும். எப்படியும் கூகள் நீளமான தலைப்பின் வாலை வெட்டி மூன்று புள்ளி வைத்துவிடும். முக்கியமான சொற்கள் முன்னால் வரட்டும். ‘நேற்று இரவு வீட்டில் உட்கார்ந்து…’ என்று தொடங்கினால் வெட்டிய பிறகு மிஞ்சுவது அந்த நேற்று இரவு மட்டும்தான்.

எப்போது எழுதுவது, எப்போது மாற்றுவது

படிவத்தில் தலைப்புக்கான பெட்டி மேலே இருப்பதால் எல்லோரும் அதையே முதலில் நிரப்புகிறார்கள். கேள்வியின் உடலை எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் தலைப்புக்கு வாருங்கள். எழுதும்போதுதான் எது முக்கியம் என்று நமக்கே பிடிபடும். சுருக்க முடியவில்லையென்றால் தலைப்பைக் கடைசியில் எழுதும்படி ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் உதவிப் பக்கமும் சொல்கிறது. அப்படியும் ஒரு வரிக்குள் அடங்கவில்லையா? அனேகமாக இரண்டு கேள்வி ஒன்றாகக் கலந்திருக்கும். பிரித்துப் போடுங்கள்.

தலைப்பைத் தட்டத் தட்ட, ஏற்கெனவே கேட்கப்பட்ட அதே மாதிரிக் கேள்விகளைப் பல தளங்கள் கீழே காட்டும். அதை ஒதுக்கிவிட்டுப் போகாதீர்கள். துல்லியமாகத் தட்டியிருந்தால் உங்கள் பதில் அந்தப் பட்டியலிலேயே உட்கார்ந்திருக்கலாம். கேள்வியே கேட்காமல் வேலை முடிந்துவிடும்.

ரெட்டிட்டில் ஒருமுறை போட்ட தலைப்பை மாற்ற முடியாது, ஆகவே அனுப்பும் முன் இன்னொரு தடவை படியுங்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ மாதிரி இடங்களில் நீங்களும் மாற்றலாம், மற்றவர்களும் திருத்துவார்கள். யாராவது உங்கள் தலைப்பைத் திருத்தினால் கோபப்பட வேண்டாம், பொருள் மாறிவிட்டதா என்று மட்டும் பாருங்கள். பதில் கிடைத்ததும் ‘தீர்ந்தது’ என்று தலைப்பில் எழுதுவது சில குழுக்களில் வழக்கம், அங்கே எழுதுங்கள். பதிலைத் தேர்ந்தெடுத்துப் பச்சை டிக் போடும் வசதி உள்ள இடத்தில் அது தேவையில்லை.

பதில் வந்தவுடன் இன்னொரு ஆசையும் வரும். காரணம் தெரிந்துவிட்டதே, தலைப்பை ‘தொட்டிச் செடியில் இரும்புச்சத்துக் குறைபாடு’ என்று மாற்றிவிடலாமே என்று தோன்றும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் அடுத்துத் தேடி வருபவருக்கு இரும்புச்சத்து என்று தெரிந்திருந்தால் அவர் ஏன் தேடப்போகிறார்? அவர் கண்ணில் படுவது மஞ்சள் இலையும் பச்சை நரம்பும்தான், தட்டப்போவதும் அதைத்தான். காரணத்தைப் பதிலில் இருக்க விட்டுவிட்டு, தலைப்பில் மஞ்சள் இலையை அப்படியே வைத்திருங்கள்.